கால் மைல் பந்தயம்!
விமானத் தளத்தில் பிறந்த கார் ஓட்டம்: மறைந்து போன ஓடுபாதைகளின் கதை

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே, சற்று முன்னால், கையில் கொடியுடன் ஒருவர் நிற்கிறார்.

கொடி மேலே போகிறது. அவ்வளவுதான்! இரண்டு கார்களும் பாய்கின்றன. டயரில் இருந்து குபுகுபு என்று வெள்ளைப் புகை. காது செவிடாகும்படி சத்தம். பன்னிரண்டு, பதிமூன்று விநாடிக்குள் பந்தயமே முடிந்து விடுகிறது. கண்ணில் தூசி விழுந்து துடைத்துக் கொண்டிருந்தவர், யார் ஜெயித்தது என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் "டிராக் ரேஸ்" என்று பெயர்.

இதில் வளைவு கிடையாது. சுற்று கிடையாது. நம் ஊர் ரேக்ளா பந்தயம் போல நேர் ஓட்டம். நின்ற இடத்தில் இருந்து கிளம்ப வேண்டும். கால் மைல் தூரத்தை, அதாவது 1,320 அடியை, முதலில் கடப்பவருக்கு வெற்றி.

ஏன் சரியாகக் கால் மைல்? கால் மைல் தூரத்தில் ஓடும் குதிரைப் பந்தயத்தைப் பார்த்து வந்த வழக்கம் என்பார்கள் சிலர். கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில், வேகமாக ஓடிய பிறகு காரை நிறுத்தவும் இடம் வேண்டுமே, அதனால் இந்த அளவு என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, கால் மைல் என்பதே சட்டம் ஆகி விட்டது.

இன்று இது கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டு. ஆனால், தொடங்கிய போது இது பணத்துக்காகத் தொடங்கவில்லை. வாலிபர்கள் நடுரோட்டில் செத்துக் கொண்டிருந்தார்கள். அதை நிறுத்துவதற்காகத் தொடங்கியது!

யுத்தம் முடிந்த பிறகு...

இரண்டாவது உலக யுத்தம் 1945-ல் முடிந்தது. லட்சக்கணக்கான வாலிபர்கள் பட்டாளத்தில் இருந்து வீடு திரும்பினார்கள். அவர்களில் பலர், விமான என்ஜினையும் டாங்கி என்ஜினையும் பிரித்துப் பூட்டிப் பழகியவர்கள். கையில் கொஞ்சம் பணமும் இருந்தது.

பழைய போர்டு கார்கள் மலிவாகக் கிடைத்தன. ஒன்றை வாங்குவார்கள். மட்கார்டு, கூரை எல்லாவற்றையும் கழற்றி எறிவார்கள். பாரம் குறைந்தால் வேகம் கூடும் அல்லவா? என்ஜினையும் தங்கள் இஷ்டம் போல் மாற்றி அமைப்பார்கள். இப்படிப்பட்ட காருக்கு "ஹாட் ராட்" என்று பெயர்.

கார் தயார். ஓட்ட இடம்?

கலிபோர்னியா மாநிலத்தில் வற்றிப் போன ஏரிகள் சில உண்டு. பாலைவனத்தின் நடுவே, தரை சிமெண்டுத் தளம் போல இறுகிக் கிடக்கும். மூரோக் என்ற ஏரியில் 1938-லேயே முறைப்படி சங்கம் வைத்துக் கார் ஓட்டினார்கள். பிறகு, மூரோக் ஏரி ராணுவ விமானத் தளமாகி விட்டது. எல் மிராஜ் என்ற இன்னொரு ஏரி இருந்தது. ஆனால், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்து அங்கே போவதற்கே அரை நாள் ஆகி விடும்.

அவ்வளவு பொறுமை வாலிப வயதில் யாருக்கு இருக்கும்? இரவில், ஊர் அடங்கிய பிறகு, நகரத்து ரோடுகளிலேயே பந்தயம் விட்டார்கள். சிவப்பு விளக்கில் இரண்டு கார்கள் வந்து நிற்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் பாய்ந்து விடுவார்கள்!

விபத்துகள் நடந்தன. ஓட்டியவர்களும் செத்தார்கள், ஒரு பாவமும் அறியாமல் எதிரே வந்தவர்களும் செத்தார்கள். பத்திரிகைகள் திட்டின. போலீசார் துரத்தினார்கள். "ஹாட் ராட்" என்று சொன்னாலே ரவுடி என்று அர்த்தம் ஆகி விட்டது.

1949-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சாண்டா பார்பரா நகரை அடுத்த கோலீட்டா என்ற இடத்தில், விமான நிலையத்தின் பக்கத்து ரோட்டில் ஒரு போட்டி நடந்தது. பிரான் ஹெர்னாண்டஸ் ஒரு பக்கம். டாம் காப்ஸ் மறு பக்கம். இரண்டு பேரும் கார் வித்தையில் கைதேர்ந்தவர்கள். ஹெர்னாண்டஸ் ஜெயித்தார். ஒழுங்கு முறையுடன் நடந்த முதல் டிராக் பந்தயம் இதுதான் என்று பலர் சொல்கிறார்கள்.

50 சென்ட் கட்டணம்

அடுத்த ஆண்டு, 1950-ல், சாண்டா அனா என்ற ஊரில் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் பெயர் சி.ஜே. ஹார்ட். கார்த் தொழிலில் இருந்தவர். அப்போது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை. ஆனாலும், வாலிபர்கள் அவரை "பாப்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா என்று அர்த்தம்.

ஊருக்கு வெளியே ஒரு விமான நிலையம். அதில் ஓர் ஓடுபாதை உபயோகம் இல்லாமல் கிடந்தது. ஹார்ட், இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக் கொண்டு அதிகாரிகளிடம் போய்ப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இதை எங்களுக்குக் கொடுங்கள், ரோட்டில் ஓடும் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்து விடுகிறோம் என்பதுதான் கோரிக்கை. அனுமதி கிடைத்தது.

கட்டணம் 50 சென்ட். அரை டாலர்! பள்ளிக்கூடப் பையனும் கொடுக்கக் கூடிய தொகை. வேகத்தை அளக்கக் கருவியும் வைத்தார்கள். என் கார்தான் பறக்கும் என்று டீக்கடையில் வாய்ச்சவடால் அடிக்க முடியாது. கருவி உள்ளதைச் சொல்லி விடும்!

வாரா வாரம் கூட்டம் கூடியது. ஹார்ட்டின் மனைவி பெக்கி சும்மா இருக்கவில்லை. அவரும் கார் ஓட்டினார். ஆண்களுடன் போட்டி போட்டுப் பரிசும் வாங்கினார். 1950-ம் ஆண்டில் இது சாதாரண விஷயமா?

அங்கே வந்தவர்களில் டிக் கிராப்ட் என்பவர் ஒரு வேடிக்கை மனிதர். அவருடைய காருக்கு "பூச்சி" என்று பெயர். பெயருக்கு ஏற்ற உருவம்தான். கதவு இல்லை, கூரை இல்லை, உடம்பே இல்லை! வெறும் எலும்புக்கூடு. நாலு சக்கரம், ஒரு என்ஜின், ஓர் ஆசனம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால், "பூச்சி" 100 மைல் வேகத்தைத் தாண்டிப் பறந்தது. பின்னால் வந்த பந்தயக் கார்களுக்கு எல்லாம் அந்த எலும்புக்கூடுதான் பாட்டன்.

சக்கர நாற்காலியில் வந்தவர்

சாண்டா அனாவில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தவர் இன்னொருவர். அவர் பெயர் செட் ஹெர்பர்ட். 1948-ல் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அப்போது வயது இருபதுதான். கால்கள் செயல் இழந்தன. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலி.

வேறு ஒருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்து இருப்பார். ஹெர்பர்ட் உட்காரவில்லை. நாற்காலியில் இருந்தபடியே ஒரு ஹார்லி மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். "மிருகம்" என்று அதற்குப் பெயர் வைத்தார். தான் ஓட்ட முடியாதே! வேறு ஆட்களை ஏற்றி ஓட விட்டார். அந்த மோட்டார் சைக்கிள், சாண்டா அனாவுக்கு வந்த பெரிய பெரிய கார்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளியது.

அதன் ரகசியம் என்ன? ஒன்று, என்ஜினை அவர் மாற்றி அமைத்த விதம். மற்றொன்று, எரிபொருள். அதன் பெயர் நைட்ரோமீதேன். எந்த எண்ணெய் எரிவதற்கும் காற்று வேண்டும். இந்தத் திரவத்திலோ, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவில் ஒரு பகுதி உள்ளேயே கலந்து இருக்கிறது. ஆகவே, அதே அளவு காற்றைக் கொண்டு பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். சக்தியும் பல மடங்கு. ஆனால், பொல்லாத சரக்கு! கொஞ்சம் கணக்குத் தப்பினால் என்ஜின் வெடித்துச் சிதறும். அதன் புகை பட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

ஆபத்துக்குப் பயந்து, 1957-ல் பெரிய சங்கம் இந்த எரிபொருளையே தடை செய்தது. 1960-களின் நடுவில்தான் தடை முழுவதும் நீங்கியது.

போலீசாரே வந்தார்கள்!

அது என்ன பெரிய சங்கம்? அதைத் தொடங்கியவர் வாலி பார்க்ஸ். "ஹாட் ராட்" என்ற மாதப் பத்திரிகையின் ஆசிரியர். வற்றிய ஏரிகளில் கார் ஓட்டிய பழைய ஆசாமி. ஹாட் ராட் பையன்கள் எல்லோரும் ரவுடிகள் அல்ல, அவர்களுக்கு வேண்டியது ஓர் இடமும் சில விதிகளும்தான் என்று எழுதி வந்தார். 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார்.

1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், போமோனா என்ற ஊரில் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் நடந்தது. இடம், பொருட்காட்சி மைதானத்தில் கார்களை நிறுத்தி வைக்கும் திடல். அதற்கு ஆதரவு கொடுத்தவர் யார் தெரியுமா? ஊர் போலீஸ் தலைவர் ரால்ப் பார்க்கர்! அவருக்குத் துணை நின்றவர் பட் கூன்ஸ் என்ற போலீஸ் சார்ஜண்ட். துரத்திப் பிடித்தவர்களே கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள்.

அதோடு விடவில்லை. 1954-ல் கூன்ஸ் உள்பட நாலு பேர், ஒரு காரில் பின்வண்டியைக் கட்டிக் கொண்டு தேசம் முழுவதும் சுற்றப் புறப்பட்டார்கள். அந்த வண்டியில் வேகம் அளக்கும் கருவி, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. ஓர் ஊருக்குப் போவார்கள். உள்ளூர்ப் பையன்களையும் போலீசாரையும் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பந்தயத்தை எப்படி ஆபத்து இல்லாமல் நடத்துவது என்று காட்டிக் கொடுப்பார்கள். பிறகு அடுத்த ஊர். சர்க்கஸ் கம்பெனி போல!

1955-ல் முதல் தேசியப் போட்டி, கான்சாஸ் மாநிலத்தில் கிரேட் பெண்ட் என்ற ஊரில் நடந்தது. யுத்த காலத்தில் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இறங்கிய தளம் அது. கடைசிக் கட்டத்தில் மழை கொட்டி விட்டது. எஞ்சிய ஓட்டங்களை நவம்பர் மாதம் பீனிக்ஸ் நகரில் முடித்தார்கள். பட்டம் பெற்றவர் கால்வின் ரைஸ்.

விமானத் தளம், விமானத் தளம் என்றே வருகிறதே என்று தோன்றும். யுத்தத்துக்காக அவசர அவசரமாகப் போட்ட ஓடுபாதைகள், யுத்தம் முடிந்ததும் எங்கும் சும்மா கிடந்தன. சென்னைக்கு வடக்கே நம் சோழவரமும் அப்படித்தான். யுத்த கால ஓடுபாதையில், 1950-களில் இருந்து பல்லாண்டு காலம் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வந்த பிறகுதான் பெரிய பந்தயங்கள் அங்கே போயின.

சான் டியேகோ நகரில், கடற்படை கைவிட்ட பாரடைஸ் மேசா என்ற தளம் இருந்தது. அங்கே ஒரு கோஷ்டி வளர்ந்தது. தலைவர் வாக்கீன் ஆர்னெட். கோஷ்டியில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சத்தார். மற்ற இனத்தாரும் கலந்து இருந்தார்கள். மெக்சிகோக்காரர்கள் மொச்சைக்கொட்டை தின்கிறவர்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வது உண்டு. இவர்கள் கோபிக்கவில்லை. "மொச்சைக் கொள்ளைக்காரர்கள்" என்றே தங்களுக்குப் பெயர் வைத்துக் கொண்டார்கள்! போன இடம் எல்லாம் கோப்பைகளை அள்ளிக் கொண்டு வந்தார்கள். கேலி செய்தவர்கள் அவர்களிடம் வந்து, என்ஜினை எப்படிச் சரி செய்தாய் என்று கேட்கும்படி ஆயிற்று.

துறைமுகத்தின் ஓரத்தில்

பழைய ஓடுபாதைகளிலே மிகவும் பிரசித்தி பெற்றது "லயன்ஸ்". லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தை அடுத்த வில்மிங்டன் என்ற இடத்தில், 1955-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி திறந்தார்கள். லயன்ஸ் கிளப்புகள் சேர்ந்து அமைத்தபடியால் அந்தப் பெயர். வாலிபர்களை ரோட்டில் இருந்து விலக்க வேண்டும் என்பதே இங்கும் நோக்கம்.

முதல் மானேஜர் மிக்கி தாம்ப்சன். லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை ஒன்றில் இரவு வேளையில் அச்சு இயந்திரம் ஓட்டியவர்! பகலில் கார் வேலை. 1960-ல் உப்புப் பாலைவனத்தில் மணிக்கு 400 மைலுக்கு மேல் கார் ஓட்டி உலகத்தைத் திகைக்க வைத்தவரும் இவர்தான்.

லயன்ஸ் இருந்தது கடல் மட்டத்தில். காற்று அடர்த்தியாக இருக்கும். என்ஜினுக்கு அது நல்ல தீனி. ஆகவே கார்கள் அங்கே கூடுதல் வேகம் எடுத்தன. இரவில் கடலில் இருந்து பனி மூட்டம் வந்து கவியும். அதற்குள் இருந்து நெருப்பைக் கக்கிக் கொண்டு கார்கள் பாய்ந்து வரும் காட்சியை, பார்த்தவர்கள் கிழவர்களான பிறகும் சொல்லிக் கொண்டு இருந்தார்கள்.

பாதி பாதம் போயிற்று!

இந்த லயன்சில்தான், 1970-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி அந்தப் பயங்கரம் நடந்தது.

டான் கார்லிட்ஸ் என்றால் அன்று அமெரிக்காவில் தெரியாத பையன் கிடையாது. புளோரிடா மாநிலத்தில் 1932-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. அது பிடிக்கவில்லை. உதறி விட்டுக் கார்ப் பட்டறைக்குப் போய் விட்டார். சதுப்பு நிலம் நிறைந்த ஊரில் இருந்து வந்தவர் என்று கலிபோர்னியாக்காரர்கள் அவரைச் "சதுப்பு எலி" என்று ஏளனம் செய்தார்கள். அவரும் அந்தப் பெயரையே தன் கார்களுக்கு வைத்தார். சதுப்பு எலி ஒன்று, இரண்டு என்று முப்பதுக்கு மேல் போயிற்று!

1959-ல் ஒரு பந்தயத்தில் என்ஜின் வெடித்து, கையிலும் முகத்திலும் கடுமையான தீக்காயம் பட்டது. பிழைத்து எழுந்தார். 1964-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் மணிக்கு 201.34 மைல் வேகத்தைத் தொட்டார். அதாவது 324 கிலோமீட்டர். அதிகாரபூர்வமாக 200 மைலைத் தாண்டிய முதல் ஆள் என்ற பெருமை கிடைத்தது.

அந்தக் காலத்துப் பந்தயக் காரில் என்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுகிறவர் அதற்குப் பின்னால் உட்காருவார். கியர் பெட்டி அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும். வெடித்தால்?

வெடித்தது! கொடிக்குப் பதிலாக வந்த விளக்கு பச்சையானதும், கார்லிட்ஸ் கிளம்பினார். கிளம்பிய இடத்திலேயே கியர் பெட்டி குண்டு போல் வெடித்தது. கார் இரண்டு துண்டு. கார்லிட்சின் வலது பாதத்தில் ஒரு பகுதி துண்டாகி விட்டது. வேடிக்கை பார்த்த ஒருவருக்கும் படுகாயம்.

ஆஸ்பத்திரியில் படுத்துக் கொண்டே கார்லிட்ஸ் யோசித்தார். என்ஜின் முன்னால் இருப்பதுதானே தொல்லை? அதைத் தூக்கிப் பின்னால் வைத்தால் என்ன?

இதை முன்பே சிலர் செய்து பார்த்து இருந்தார்கள். அப்படிப்பட்ட கார் நேராக ஓடாது, திசை மாறிப் போய் மோதும் என்று எல்லோரும் ஒதுக்கி விட்டார்கள். கார்லிட்சின் புதிய காரும் முதலில் அப்படித்தான் அலை பாய்ந்தது. மாதக்கணக்கில் போராடினார். விட்டு விடலாமா என்று நினைத்த போது, மனைவி பாட் தான் விடாதீர்கள் என்று தைரியம் சொன்னார். கடைசியில் கோளாறு எதில் என்று தெரிந்தது. ஸ்டியரிங் மிகவும் துடிப்பாக இருந்தது. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் கார் நிறையத் திரும்பியது. அதை மந்தமாக்கினார்கள். கார் கோடு போட்டது போல் ஓடியது!

1971-ல் போமோனாவில் அந்தக் காரிலேயே ஜெயித்தார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில், என்ஜினை முன்னால் வைத்த கார்கள் அந்தப் பிரிவில் இருந்தே மறைந்து விட்டன. அதன் பிறகு எத்தனை ஓட்டுநர்கள் அதனால் உயிர் தப்பினார்கள் என்று யார் கணக்கு எடுக்க முடியும்? ஷர்லி மல்டவுனி என்ற பெண்மணி 1977, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசிய சாம்பியன் ஆனதும், என்ஜின் பின்னால் உள்ள காரில்தான்.

கார்லிட்ஸ் ஓய்ந்து விடவில்லை. 2014-ல், 82-வது வயதில், மின்சாரக் கார் ஒன்றில் 184 மைல் வேகம் போனார்!

கடைசி இரவு

ஆனால், ஓடுபாதைகள் ஓய்ந்து விட்டன.

ஊர் வளர்ந்தது. ஓடுபாதையைச் சுற்றி வீடுகள் வந்தன. வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் பொறுக்கவில்லை. கைக்குழந்தை தூங்க வேண்டாமா? அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. நிலத்தின் விலையும் ஏறியது.

சாண்டா அனா 1959-ல் மூடப்பட்டது. விமானப் போக்குவரத்து அதிகமாகி விட்டது. ஹார்ட்டின் பையன்கள் கார் ஓட்டிய அந்த இடம், இன்று ஜான் வெயின் பெயர் கொண்ட பெரிய விமான நிலையம். அங்கே பெட்டியுடன் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாரடைஸ் மேசாவில் வீடுகள் எழுந்து விட்டன.

லயன்சின் கடைசிப் பந்தயம் 1972-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி இரவு நடந்தது. அப்போது அங்கே மானேஜர் யார் தெரியுமா? அதே பாப்பி ஹார்ட்! 1965-ல் இருந்து அவர்தான் லயன்சைக் கவனித்து வந்தார். முதலில் திறந்த ஓடுபாதை மூடியதைப் பார்த்தவர், இதையும் பார்க்க வேண்டி வந்தது. அன்று 20 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். உட்கார இடம் இல்லாமல் ஓடுபாதையின் ஓரம் வரை ஜனங்கள் நின்றார்கள். பின்னாளில் அந்த நிலம், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கும் களம் ஆகி விட்டது.

போமோனா மட்டும் நிலைத்தது. அங்கே 1998-ல் வாலி பார்க்ஸ் பெயரில் ஒரு பொருட்காட்சி சாலையும் திறந்தார்கள். ஹார்ட் 2004-லும், பார்க்ஸ் 2007-லும் காலமானார்கள். இரண்டு பேரும் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர்கள்.

இன்றைய கார்கள் மணிக்கு 330 மைலுக்கு மேல் போகின்றன. 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர், ஓடுபாதையின் எல்லையில் காரை நிறுத்த முடியாமல் போய் மாண்டார். அதன் பிறகு, மிக வேகமான கார்களுக்குக் கால் மைல் ஓட்டம் இல்லை. 1,000 அடியோடு நிறுத்தி விட்டார்கள்.

பேக்கர்ஸ்பீல்ட் நகருக்குப் பக்கத்தில் பமோசோ என்று ஒரு பழைய யுத்த கால விமானத் தளம். அங்கே 2000-ம் ஆண்டு முதல், பழைய பந்தயக் கார்களை வரவழைத்து ஒரு விழா நடத்தத் தொடங்கினார்கள். பந்தயம் அல்ல, வெறும் சத்தம்தான்! பொழுது சாய்ந்த பிறகு, அந்தக் காலத்து வழக்கப்படி வேறு வண்டியால் பின்னால் இருந்து தள்ளிக் கொண்டு வருவார்கள். என்ஜின் உயிர் பெறும். வரிசையாக நிறுத்தி வைத்து உறும விடுவார்கள். குழாய்களில் இருந்து மஞ்சள் தீ எழும்பும். ஆசனத்தில் இருப்பவர்களில், அந்தக் காரையே வாலிப வயதில் ஓட்டியவர்களும் உண்டு. தலை நரைத்து, கைத்தடியுடன் வந்து, ஆட்கள் பிடித்து ஏற்றி விட உட்கார்ந்து இருப்பார்கள். சுற்றிலும் நிற்கும் கூட்டம், நைட்ரோ புகையில் கண்ணைக் கசக்கிக் கொண்டே, இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்கும்.